ஓடக்காரன் ஆட்டத்தைப் படம் பிடித்த அன்று

ஹார்லோ ஹில் என்ற சிற்றூரில் நாடின் கோல்பி சொன்னதைக் கேட்காதவர்கள் யாருமில்லை. பகலில் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் கைக்கு வாயைத் திறந்து காட்டியவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஊர் மண்டபத்து மேடையில் மைக்கோடு நிற்பாள். கீழே அதே ஊரார் இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நின்று, அவள் வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் இந்தக் கான்ட்ரா ஆட்டத்தில், அடுத்த அசைவைக் கூவி 'ஆட்டம் சொல்கிறவள்' வைத்ததுதான் சட்டம்.

"பகல்ல வாயைத் தொறங்கறா, சாயங்காலம் காலைத் தூக்குங்கறா. நமக்குன்னு ஒரு உறுப்பு மிச்சம் வைக்க மாட்டா போல" என்று அவளுடைய அண்ணன் வெண்டல், ஃபிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே சொல்வான். மேடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது.

நாடினுக்குப் பழைய ஆட்டங்கள்மேல் தனிப் பிரியம். பக்கத்து ஊர்களில் எல்லாம் இப்போது புது ஆட்டங்கள்தான். எல்லாரும் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கலாம், ஒருவரும் ஒரு நொடி நிற்க வேண்டாம். பழைய ஆட்டம் அப்படியில்லை. வரிசையின் தலையில் இருக்கும் ஜோடி நடுவில் இறங்கிப் போகும், திரும்பி வரும், அடுத்த ஜோடியைச் சுற்றிக்கொண்டு ஒரு இடம் கீழே வந்து நிற்கும். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை நின்று கை கொடுக்க வேண்டியதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது.

"நாங்க என்ன தூணா நிக்கவா வந்தோம்?" என்று ஒருத்தன் ஒருமுறை கத்திக் கேட்டான்.

"தூண் இல்லாம மண்டபம் நிக்குமா? நில்லு!" என்று மைக்கிலேயே பதில் சொன்னாள் நாடின். மண்டபமே சிரித்தது. மாதம் ஒரு பழைய ஆட்டமாவது உண்டு என்று கமிட்டியோடு சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தாள். பெரும்பாலும் அது 'ஓடக்காரன்' ஆகத்தான் இருக்கும். அந்த ஊருக்கே உரிய ஆட்டம், வேறெங்கும் ஆடுவதில்லை.

ஓடக்காரன் என்றால் வரிசையின் தலையில் ஹாலிஸ் டட்டனும் அவன் மனைவி கிளாடெட்டும் நிற்பார்கள். அந்த இடத்தில் வேறு யாரும் போய் நிற்பதில்லை. ஹாலிஸ் மேப்பிள் மரத்துச் சாறெடுத்துப் பாகு காய்ச்சுகிறவன். கனத்த ஆள். ஆனால் கிளாடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மண்டபத்தின் நடுவில் இறங்கி நடந்தால், அவசரமே இல்லாமல், தாளத்துக்குக் கொஞ்சமும் பிந்தாமல் போவான். புதிதாக வருகிறவர்கள் நாடின் சொல்வதைக் கேட்டுக் கற்றதைவிட அவனைப் பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

நாடினை அந்த மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் அவன்தான். விவாகரத்தாகி ஊர் திரும்பி, ஒரு குளிர்காலம் முழுக்க அவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். ஹாலிஸ் வாசலில் வந்து நின்று, "உன் நாற்காலி வேர் விட்டுடப் போவுது. எழுந்திரு. இன்னிக்கு ஆடுறோம்" என்றான். முடியாது என்றாள். "முடியாதவங்களுக்குத்தான் ஆட்டம் சொல்றதுக்கு ஆள் வெச்சிருக்கு" என்றான். அப்படிப் போனவள்தான், பிறகு மேடையும் ஏறினாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில், ஹாலிஸுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. இடது கால் பாதிதான் திரும்பியது. பனிக்காலம் முடிவதற்குள் அவன் மறுபடி மண்டபத்துக்கு வந்துவிட்டான், கைத்தடியை வாசலில் சாத்திவிட்டு. வரிசையின் தலையில் நின்றான். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினான். நடுவில் போனவன் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றான். இரண்டு வரிசையும் அவன்மேல் வந்து மோதின, சிரித்தன, யாரோ முழங்கையைப் பிடித்து, யாரோ தோளைத் தொட்டு, அவனை அவன் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதன்பின் எல்லா மாதமும் அப்படித்தான். ஊரில் ஒருவருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

நாடினுக்குத் தெரிந்தது. மேடையிலிருந்து பார்க்கும்போது, நெய்த துணியில் ஒரு இழை அறுந்து அது ஓடிக்கொண்டே போவதுபோல வரிசை கலைவது தெரியும். அவள் குரல் சொல்வது ஒன்று, கீழே நடப்பது ஒன்று. ஹாலிஸை அப்படிப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அது அவன்மேல் உள்ள இரக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஃப்ரீடா என்ற பெண் ஃபோன் செய்தாள். ஊர் ஊராகப் போய்ப் பழைய ஆட்டங்களைப் படம் பிடித்துச் சேர்த்து வைப்பவள். ஓடக்காரனைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"நீங்க வழக்கமா எப்படி ஆடுவீங்களோ அப்படியே ஆடுங்க. எனக்காக எதையும் மாத்த வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னாள்.

நாடின் சரி சரி என்றாள். ஃபோனை வைத்ததும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களின் முகம்தான். மற்ற ஊர்களில் ஆட்டம் சொல்கிறவர்கள் பார்ப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். 'இதுதானா உங்க பழைய ஆட்டம், சந்தையில மாடு மிரண்ட மாதிரி' என்பார்கள். இத்தனை வருஷம் சண்டை போட்டுக் காப்பாற்றியது, ஒருமுறை படத்தில் ஏறப்போகிறது, அன்றைக்கும் கலைந்துதான் போக வேண்டுமா? ஹாலிஸிடம் நேராகச் சொல்லலாம் என்று ஒருநாள் அவன் வீட்டுப் பாதைவரை காரை ஓட்டிக்கொண்டு போனாள். பாகு காய்ச்சும் கொட்டகையின் கூரையிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இறங்காமலே வண்டியைத் திருப்பினாள்.

வியாழக்கிழமை ஃபோன் செய்தாள்.

"ஹாலிஸ், சனிக்கிழமை ஆட்டம் லேட்டா ஆரம்பிக்குது. படம் எடுக்கறவங்க விளக்கெல்லாம் மாட்டணுமாம். எட்டரைக்கு வந்தாப் போதும்."

ஆட்டம் எப்போதும்போல ஏழு மணிக்குத்தான். ஓடக்காரனை முதலில் வைத்துவிட்டால் எட்டரைக்குள் படம் எடுத்து முடிந்துவிடும். அப்புறம் ஹாலிஸ் வந்து மற்ற ஆட்டங்களை ஆடிவிட்டுப் போவான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றான் ஹாலிஸ். பின்னால் பாகு கொதிக்கும் சத்தம் கேட்டது. "சாறு நல்லா ஓடுது. காய்ச்சி முடிச்சுட்டு, குளிச்சுட்டு நிதானமா வரலாம். ஓடக்காரன்தானே எடுக்கறாங்க?"

"ஆமா."

"கிளாடெட் அதுக்குன்னே ஒரு பாவாடை தெச்சுட்டிருக்கா. மஞ்சக் கலர்ல. படத்துல நான் தெரியறனோ இல்லியோ, அவ தெரிவா."

நாடின் சிரித்தாள். சிரிக்கவும் வந்தது அவளுக்கு.

சனிக்கிழமை மாலை ஃப்ரீடா மேடை ஓரத்தில் ஒரு கேமராவை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் நின்றுகொண்டாள். விளக்கொன்றும் மாட்டவில்லை.

"முதல்ல ஓடக்காரன்" என்றாள் நாடின்.

வெண்டல் ஃபிடில் வில்லை இறக்கினான். "முதல்லயேவா? இன்னும் ஒருத்தனுக்கும் கால் சூடாகலையே. ஹாலிஸ் எங்க?"

"பாகு காய்ச்சறான். வந்துருவான்."

"அப்ப வரட்டும்."

"அந்தப் பொண்ணு சீக்கிரம் போகணுமாம், வெண்டல். வாசி."

அதுவும் பொய். வரிசைகள் சேர்ந்தபோது தலைப்பக்கம் காலியாகக் கிடந்தது. யாரும் அங்கே நகரவில்லை. கல்லூரியிலிருந்து வரும் ஒரு நெட்டை ஜோடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அங்கே நிறுத்தினாள் நாடின். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏம்ஸ், "அது ஹாலிஸ் எடமாச்சே" என்றான், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல.

"வந்தா அடுத்ததுக்கு நிப்பான்" என்றாள் நாடின்.

ஆட்டம் அவள் நினைத்ததைவிட நன்றாக வந்தது. இறங்கிப் போன ஜோடி இறங்கின வேகத்திலேயே திரும்பி வந்தது. சுற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் சுற்றிக்கொண்டது. அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் தரையில் விழும்போது பழைய பலகைகள் ஒரே குரலாக ஒலித்தன. நாடினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான், இப்படித்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வரவர அவள் அசைவுகளைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள், சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது.

அன்று மத்தியானமே குளிர் திரும்பிவிட்டது. குளிர் இறுகினால் மரத்தில் சாறு ஓடாது. காய்ச்ச ஒன்றும் இல்லாமல் போனதால், நாற்காலி போடவாவது ஒத்தாசை பண்ணலாம் என்று ஹாலிஸ் சீக்கிரம் கிளம்பி வந்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஆட்டச் செருப்புப் பை. பின்னால் கிளாடெட், கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் மூடிய தட்டு, கோட்டுக்குக் கீழே மஞ்சள் பாவாடை.

அவன் வாசலைத் தாண்டி மேலே வரவில்லை. கதவை முதுகால் சாத்திவிட்டு அங்கேயே நின்றான். வரிசையின் தலையைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், மறுபடி வரிசையைப் பார்த்தான். அவன் வலது கால் மட்டும் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாடின் அவனைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அசைவுகளைச் சொன்னாள். சொல்ல வேண்டாத இடத்திலும் சொன்னாள்.

ஆட்டம் முடிந்து கைதட்டல் அடங்கும்போது, ஹாலிஸ் அங்கிருந்தே கேட்டான். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்.

"எட்டரைன்னு சொன்னியே, நாடின்?"

எல்லாத் தலைகளும் ஒருமுறை அவன் பக்கம் திரும்பின, பிறகு மேடைப் பக்கம் திரும்பின.

"எட்டரையா? நான்..." என்றாள் நாடின். மைக்கில் அவள் மூச்சு கேட்டது.

ஹாலிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். "சரி விடு. நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன். இந்த மண்டையில இப்பல்லாம் ஒண்ணும் ஒழுங்கா நிக்கறதில்ல."

"அதனாலென்ன ஹாலிஸ்." "எனக்கே நாள் கிழமை மறந்து போவுது." "வா, வா, உள்ள வா." ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். ஒருத்தி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு கனிவு வந்து உட்கார்ந்துகொண்டது. வியாதிக்காரனைப் பார்க்கும் முகம். அவன் அதற்கெல்லாம் தலையாட்டிச் சிரித்தான்.

இல்லை, நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். மைக் கையில்தான் இருந்தது. நாடின் அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அடுத்த ஆட்டத்துக்கு ஜோடி சேருங்க" என்றாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க அவள் மண்டபத்துச் சமையலறைக்குப் போனபோது கிளாடெட் ஆப்பிள் பலகாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஃபோனு ஸ்பீக்கர்ல இருந்துச்சு, நாடின்."

நாடின் எடுத்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தினம் காலையில கண்ணாடி முன்னாடி நின்னுட்டு கிழமை சொல்லிப் பாக்கறான். தேதி சொல்லிப் பாக்கறான். எம் பேரு, அவங்கம்மா பேரு. எல்லாம் சரியா இருக்கான்னு. நாளைக்கு நீ சொன்ன எட்டரையையும் சேத்துச் சொல்லிப் பாப்பான்." கத்தியைத் துடைத்து வைத்தாள். "இந்தத் தட்டை வெளியில கொண்டு போய் வை. கை சும்மாத்தானே இருக்கு."

நாடின் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவளே நின்று எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று எல்லாரும் தின்றார்கள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலை வெண்டல் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை.

"எட்டரைன்னு சொன்னியா அவன்கிட்ட?"

"சொன்னேன்."

"வேணும்னே."

"ஆமா."

வெண்டல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நேத்து ராத்திரி வீட்டுக்குப் போயி, ஆகா, இன்னிக்கு என்னமா வாசிச்சோம்னு ஒரு பீரைத் தொறந்து குடிச்சேன். தனியா உக்காந்து சிரிச்சேன், தெரியுமா. அதையும் கெடுத்துட்டே." கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எங்கே போனாலும் முகம் சுட்டது. கடையில் யாராவது, "பாவம் ஹாலிஸ், ஞாபகம் போக ஆரம்பிச்சிருச்சு போல" என்பார்கள். இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தன் பொய் இப்போது தன்னைவிட்டுத் தனியாக ஊர் சுற்றுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத் தடுத்து நிறுத்த ஒரே ஒரு ஆளால்தான் முடியும் என்பதும் தெரிந்தது.

ஃப்ரீடா ஃபோன் செய்தாள். படம் பிரமாதமாக வந்திருக்கிறதாம்.

"அதைவிட, கடைசியில கதவாண்ட ஒருத்தர் வந்து நிக்கறார் பாருங்க, வெள்ளைச் சட்டை. நான் அவரை எடுக்கணும்னு எடுக்கல, தானா விழுந்திருக்கு. அவர் கால் மட்டும் ஆடிட்டே இருக்கு. முகத்தை எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியல. யாருங்க அவர்? பேர் போடணும்."

"ஹாலிஸ் டட்டன்."

"அவர் ஏன் ஆடல?"

"லேட்டா வந்தார்" என்றாள் நாடின்.

ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். அப்படி நினைத்த மாத்திரத்திலேயே, இன்னும் அவனை வெளியே தள்ளத்தான் பார்க்கிறோம் என்று உறைத்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஹாலிஸ் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தான். முன்பே குறித்திருந்த முறை அது. வரமாட்டான், வேறு யாரிடமாவது போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள். வந்தான். சாய்வு நாற்காலியில் ஏறி, கால் நீட்டி, வாயைத் திறந்தான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவனுக்கு இடது கன்னத்தில் உணர்ச்சி குறைவு. சாப்பிட்டது அங்கே தங்கிவிடுவது அவனுக்கே தெரியாது. அதை அவள் எப்போதும் அவனுக்குத் தெரியாமலே எடுத்துவிடுவாள். அன்றும் எடுத்தாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான்தான் ஹாலிஸ், எட்டரைன்னு சொன்னது. வேணும்னுதான் சொன்னேன். வரிசை கலைஞ்சுடக் கூடாதுன்னு. என்னை மன்னிச்சிரு" என்றாள். குரல் முகமூடிக்குள் மாட்டிக்கொண்டது.

ஹாலிஸ் வலது கையைத் தூக்கினான். வலித்தால் கை தூக்குங்கள் என்று எல்லாரிடமும் அவளே சொல்வதுதான். கருவியை வெளியே எடுத்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினான். துடைத்துக்கொண்டான்.

"ஒருத்தன் வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு மன்னிப்பு கேக்கற. நல்ல ஆளு நீ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி வண்டியில வீட்டுக்குப் போறப்ப கிளாடெட் சொன்னா. முதல்ல எனக்குக் கோவமே வரல, தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. எம் மூளை கெட்டுப் போகல, நாடின்தான் கெட்டுப் போயிட்டான்னு." சிரிக்கப் பார்த்தான். இடப்பக்கம் உதடு எழும்பவில்லை. "கோவம் மறுநாள் காலையிலதான் வந்துச்சு. வந்து இன்னும் போகல."

"ம்."

"கதவாண்ட நின்னு பாத்தேன்ல. நல்லா இருந்துச்சு. அவ்வளவு சுத்தமா நாம ஆடினதே இல்ல. அதைப் பாத்துட்டு..." நிறுத்திக்கொண்டான். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை விரலால் நீவினான். "நேரா வந்து சொல்லியிருக்கலாம், நாடின். 'ஹாலிஸ், படத்துக்காக ஒரு தடவை ஒதுங்கி நில்லு'ன்னு. கன்னாபின்னான்னு திட்டியிருப்பேன். திட்டிட்டு ஒதுங்கி நின்னிருப்பேன். நான் நிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

அவள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அவனை எப்படி ஒதுக்குவது என்றுதான் நினைத்தாளே தவிர, கேட்டால் என்ன சொல்வான் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஹாலிஸ் மறுபடி சாய்ந்துகொண்டான். "மிச்சத்தையும் முடி. அந்தப் பக்கம் இன்னும் இருக்கு." வாயைத் திறந்தான்.

ஏப்ரலில் பனி உருகி ஊர்ச் சாலையெல்லாம் சேறு. மண்டபத்து வாசலில் சேற்றுப் பூட்ஸ்கள் குவிந்து கிடந்தன. டட்டன் தம்பதி வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் நாடின் மைக்கை எடுத்தாள். அந்த மாதம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"போன மாசம் ஹாலிஸ் நேரத்தைத் தப்பாக் கேட்டதா எல்லாரும் நெனச்சுட்டிருக்கீங்க. அவன் சரியாத்தான் கேட்டான். நான்தான் பொய் சொன்னேன். படம் எடுக்கறப்ப அவன் வரிசையில இருக்கக் கூடாதுன்னு வேணும்னே சொன்னேன். அவன் மூளையில ஒரு குறையும் இல்ல. அவன் தன் தலையைத் தட்டிக் காட்டினப்ப நான் வாயை மூடிட்டு நின்னேன்."

பின்வரிசையில் யாரோ கோப்பையை மேசைமேல் வைத்தது கேட்டது. நெஞ்சிலிருந்த கல் கொஞ்சம் நகர்ந்ததுபோல அவளுக்கு இருந்தது. அது ஒரு நொடிதான்.

ஹாலிஸ் எழுந்து நின்றான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"உன்னை யாரு கேட்டா?"

"ஹாலிஸ்..."

"என்கிட்டச் சொன்னே, முடிஞ்சுது. எதுக்கு இப்ப கடை விரிக்கறே? உனக்கு லேசாயிடுச்சு. எனக்கு? திரும்பிப் பாரு, மண்டபம் பூரா எங்காலைத்தான் பாக்குது."

உண்மைதான். எல்லாரும் அவன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்ன பிறகு அவசரமாக வேறெங்கோ பார்த்தார்கள். இதுவரை ஊரார் யாரும் பெரிதாக எண்ணாத ஒன்றை, விளக்குப் போட்டுக் காட்டிவிட்டாள் நாடின். தன் பாரத்தை இறக்கி வைக்க அவன் தோளைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை அவளுக்கு.

"உக்காரு ஹாலிஸ்" என்று கிளாடெட் அவன் சட்டையை இழுத்தாள்.

"உக்கார மாட்டேன். ஆடத்தான் வந்தேன்." வரிசையின் தலைக்குப் போய் நின்றான். "வெண்டல், ஓடக்காரனை வாசி. நாடின், நீ அந்த மைக்கை வெச்சுட்டுக் கீழ வா. இந்த ஆட்டத்துக்கு உன் குரல் யாருக்கு வேணும்? எல்லாருக்கும் தெரியும்."

அவள் மைக்கை வைத்தாள். மேடைப் படியில் இறங்கினாள். வரிசைகள் சேர்ந்தன. அவளைப் பார்த்து யாரும் கை நீட்டவில்லை. சுவரோரம் நின்றாள். கடைசியில் ஏம்ஸ் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"உங்கூட ஆடணும்னு எனக்கு வேண்டுதல் இல்ல. ஒரு ஆளு கொறையுது. வா."

பல வருஷமாக அவள் இந்த ஆட்டத்தை மேலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கீழே நின்றால் வேறு மாதிரி இருந்தது. ஹாலிஸும் கிளாடெட்டும் நடுவில் இறங்கி வந்தார்கள். அவன் திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே ஒருவன் அரையடி பின்னால் தள்ளி நின்று வழி விட்டான். அவன் தப்பான பக்கம் சாய்ந்தபோது ஒருத்தி அவன் தோளைத் தொட்டாள், தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். தாளம் எங்கும் அறுபடவில்லை. மேலிருந்து பார்க்கும்போது குழப்பமாகத் தெரிந்தது இங்கே அத்தனை பேருடைய கைவேலையாக இருந்தது. அதைச் செய்கிறவர்களில் ஒருவர்கூட நாடினைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு இடமாக இறங்கி அவர்கள் அவளிடம் வந்தார்கள். ஹாலிஸ் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். நாடின் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தானே காலைத் தேய்த்துத் திரும்பி, தாளத்துக்கு ரொம்பப் பிந்தி, அவளைச் சுற்றிக்கொண்டு கீழே போய் நின்றான். அவள் கை அந்தரத்தில் இருந்தது.

கிளாடெட்டும் சுற்றி வந்தாள். அடுத்த அசைவுக்கு நாடினின் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தாள், இறுக்கமாக, ஆட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. விட்டாள்.

நாடினின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எதிரில் நிற்பவர்கள் மங்கினார்கள்.

"அழுவறதுக்கு வெளிய நெறைய எடம் இருக்கு" என்றான் ஏம்ஸ், குரலை உயர்த்தாமல். "நகரு. அடுத்த ஜோடி வந்தாச்சு."

அவள் நகர்ந்து, வருகிறவர்களுக்குக் கையை நீட்டினாள்.